தெளிந்த முகம்

அக்காவும் தங்கையும் சேர்ந்து ஓர் அழகு நிலையம் நடத்தினார்கள். கைராசி அக்காவுக்கு, வாய்த்துடுக்கு தங்கைக்கு. சிகரெட் புகை பக்கமே போகாத அந்த அக்காவுக்குப் போய் நுரையீரலில் புற்றுநோய் வந்தது. யாரை நொந்துகொள்வது?

கட்டியில் துளி சதை எடுத்து மரபணுப் பரிசோதனை செய்த டாக்டர், "ஒரு வகையில நல்ல சேதிதான்" என்றார். "இந்தக் கட்டியோட செல்லுக்கு 'வளரு, வளரு'ன்னு ஓயாம உத்தரவு போய்க்கிட்டே இருக்கு. குழாயை மூடாம விட்ட மாதிரி. இந்த மாத்திரை அந்தக் குழாயைத் தேடிப் போய் மூடும். தினமும் ஒண்ணு, ஒரு நாளும் விடக் கூடாது. தோலுலயும் அதே குழாய் இருக்கு, அதனால பரு மாதிரி வரலாம். வந்தா உடனே சொல்லுங்க."

கட்டி பாதியாகச் சுருங்கியது. ஆனால் அக்காவின் மூக்கிலும் கன்னத்திலும் கொத்துக்கொத்தாகப் பரு. நாற்காலியில் உட்கார்ந்த ஒருத்தி கண்ணாடியில் அக்காவைப் பார்த்துவிட்டு, "இன்னொரு நாள் வர்றேன்" என்று எழுந்து போனாள். அன்று முழுக்க அக்கா துண்டுகளை மடித்துக்கொண்டே இருந்தாள்.

தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடுவாளா? முகத்தைப் பற்றி இவளுக்கு யார் சொல்லித் தருவது!

"ஒத்துக்கலைன்னா இடைவெளி விடணும்க்கா. க்ரீம் எரிஞ்சா நாம அப்படித்தானே செய்றோம்? மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடு."

"விடக் கூடாதுன்னு சொன்னாரேடி?"

"அவர் நெஞ்சைப் பார்க்கிறவரு. முகத்தை நான் பார்த்துக்கிறேன்."

பரு வாடி உதிர்ந்தது. தங்கைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அடுத்த ஸ்கேனில் கட்டி பழைய அளவையும் தாண்டியிருந்தது. "மாத்திரையை விட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டதும் தங்கை எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"பருவுக்குக் களிம்பு எழுதித் தந்திருப்பேனேம்மா. மருந்து வேலை செய்றவங்களுக்குத்தான் பெரும்பாலும் அது வரும். விட்டு விட்டுப் போட்டதுல கட்டி இதுக்குப் பழகியிருக்கலாம், இனி இந்த மாத்திரை கேக்குமான்னு தெரியலை. மறுபடி சதை எடுத்துப் பார்க்கணும்."

வெளியே படிக்கட்டிலேயே உட்கார்ந்து தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி நான், என் வாயாலயே உன்னைக் கெடுத்துட்டேனேக்கா!"

அக்கா அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள். "விடுடி. நீ சொன்னதுக்காக மட்டுமா விட்டேன்? பழைய முகம் வேணும்னு எனக்கும் ஆசையாத்தான் இருந்துச்சு. அடுத்த தடவை எதுன்னாலும் அவரைக் கேட்டுக்கலாம்."

அடுத்த தடவை என்று ஒன்று உண்டா என்று கேட்க அந்த வாய்த்துடுக்குக்காரிக்கு வாய் வரவில்லை.