சோடியின் இரண்டாம் பதிப்பு

2022 நவம்பர் நாலாம் திகதி தொடக்கம், கொழும்பு வெள்ளவத்தையில் மேனகா மேசையில் வைத்த எந்தப் பொருளும் ஒரு மணித்தியாலத்துக்குள் கொட்டாஞ்சேனையில் மாக்ரெட்டின் மேசையிலும் இருந்தது. பள்ளித் தோழிகளான இருவரும் "சோடி" என்ற நிரலை எழுதி, யாரும் இலவசமாக எடுத்துப் பாவிக்க விட்டிருந்தார்கள். ஒரே மின்னஞ்சல் பெட்டியை இரண்டு கணினிகளில் ஒன்றுபோல வைத்திருப்பது அதன் வேலை. பன்னிரண்டு வருடம் கடிதங்களை மட்டும் ஒத்துப்பார்த்த சோடி, கை பழகிவிட்டதால் வீடுகளையும் ஒத்துப்பார்க்கத் தொடங்கியது. மேனகா சுட்ட வடை மாக்ரெட்டிடம் சூடாகவே போனது. டிசம்பரில் மாக்ரெட் செய்த நத்தார் கேக் மேனகாவிடம் வந்தது. சோடியைப் பாவித்த ஒருவர் நோர்வேயிலிருந்து, தன் சப்பாத்து நாலாகிவிட்டதென்று முறையிட்டார். மேனகா நன்றி தெரிவித்து, நாலும் அளவா என்று கேட்டு எழுதினாள்.

சோடி வேலைசெய்யும் விதம் எளிது. ஒரு கடிதம் இந்தப் பக்கம் இருக்கிறது, அந்தப் பக்கம் இல்லை என்று வையுங்கள். இங்கே புதிதாக வந்ததா, அங்கே அழித்துவிட்டார்களா? இரண்டு பக்கத்தையும் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது. அதற்குத்தான் மூன்றாவதாக ஒரு பட்டியல், போன தடவை இரண்டு பக்கமும் என்னென்ன இருந்தன என்று. பட்டியலில் இல்லாவிட்டால் புதிது, நகலெடுக்கும். பட்டியலில் இருந்தால் அழித்தது, மற்றப் பக்கத்திலும் அழிக்கும். அழிக்கும் கட்டளைக்கு மேனகா பகிடியாக "போறன்" என்று பெயர் வைத்திருந்தாள். சற்று நேரம் ஒதுக்கிவைக்கும் கட்டளைக்கு "போட்டுவாறன்".

அடுத்த ஆவணியில் அவள் கணவர் கிருஷ்ணராஜ், லிப்ட் மெக்கானிக், திருகோணமலைக்கு மூன்று கிழமை வேலையாகப் புறப்பட்டார். வாசலில் நின்று யாரும் "போறன்" என்பதில்லை, போய்விட்டு வருவதாக "போட்டுவாறன்" என்றுதான் சொல்வார்கள். ஆனால் கீழே ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்த அவசரத்தில் "சரி, போறன்" என்றுவிட்டு இறங்கிவிட்டார். சோடி அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டது. முதலில் அவருடைய சேர்ட்டுகள் இல்லாமல் போயின, பிறகு செருப்பு, பிறகு கலியாணப் படத்தில் இடது தோள். ஐந்தாம் நாள் அவர் போன் எடுத்தார்.

"மேனகா, சுவிட்சை அமத்தினா விரல் சுவருக்குள்ள போகுது. என்ர பேரும் இஞ்ச ஒருத்தருக்கும் ஞாபகமில்லை."

"இஞ்சேருங்கோ, போறன் எண்டே சொன்னனீங்கள்?"

"ஓம், ஓட்டோக்காரன் கத்தினவன்..."

"உங்கட வாய்க்கு ஒரு பூட்டுப் போடவேணும். எதையாவது இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ, நான் திருப்பி எழுதுறன்."

பழைய நிரலில் போறனைத் திரும்பக் கூப்பிட வழியே இருக்கவில்லை. அதனால் முதல் வரியிலிருந்து எல்லாவற்றையும் புதிதாக எழுதினாள். கொட்டாஞ்சேனையிலிருந்து மாக்ரெட் ஒவ்வொரு வரியையும் வாசித்துப் பிழை பிடித்தாள். "அடியே, இதில ஒரு கமா விட்டுட்டாய். உன்ட மனுசன் காலில்லாம வந்தா என்னக் கேக்காத." புதிய பதிப்பின் விதி இதுதான்: ஒரு பக்கத்தின் சொல்லை மட்டும் நம்பி எதையும் அழிக்கக்கூடாது, சந்தேகமென்றால் இரண்டு பக்கமும் வைத்திருக்கவேண்டும். ஒன்பதாம் நாள், படத்தில் மீசை மட்டும் மிச்சமிருந்தபோது, மேனகா நிரலை ஓடவிட்டாள்.

மாக்ரெட் உடனே போன் எடுத்தாள். "மேனகா, உன்ட மனுசன் இங்க வந்து சாப்பிடப் பான் கேக்கிறார்!"

"விசர்க்கதை கதையாத. இவர் இஞ்ச நிண்டு உடுக்கச் சாரம் தேடுறார்."

திருகோணமலையில் அவர் பிடித்திருந்த ஸ்பானர் மட்டும் கிடந்ததாம். கொட்டாஞ்சேனைக்காரரை மாக்ரெட் பானும் பருப்பும் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டாள். வெள்ளவத்தையில் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்த மேனகா, பெருவிரல் தழும்புவரை ஒன்றுதான் என்று கண்டாள். இரட்டித்தவற்றில் ஒன்றை நீக்கும் கட்டளை சோடியில் உண்டு. அன்று பின்னேரமே அவள் அந்தக் கட்டளையைப் புதிய பதிப்பிலிருந்து எடுத்துவிட்டு, மூன்று சாப்பாட்டுக் கோப்பை வைத்துச் சோறு போட்டாள். குழம்பிலிருந்த மீன் தலைக்கு இரண்டு கிருஷ்ணராஜும் ஒரே நேரத்தில் கை நீட்டினார்கள். அன்றிலிருந்து மேனகா சந்தையில் இரண்டு தலை வாங்குகிறாள். மீன்காரரும் ஏனென்று கேட்காமல் வெட்டிக் கொடுக்கிறார்.