சுத்தவாளி

"ஆருட வழக்கு?" என்று நீதிமன்ற ஏட்டறையில் றஞ்சிதமலர் கேட்டாள். பஸ் ஏறியதிலிருந்து ஸம்றா இந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடிக்கொண்டு வந்தாள். காரைதீவு தாண்டும்வரை பதில் கையில் இருந்தது. பிறகு தென்னைகளுக்கிடையே கடல் தெரிவதும் மறைவதுமாகக் கூடவே வர, அதையே பார்த்திருந்ததில் பதில் எந்தத் தரிப்பிடத்திலோ இறங்கிப் போய்விட்டது.

"காலிதீன் எண்டு ஒராள், மிஸ். அறுத்துக் குவிச்ச நெல்லுச் சூட்டுக்கு நெருப்பு வெச்ச வழக்கு. சுனாமிக்கு முந்தி."

"இந்தக் கோட்டில நடந்ததா?"

"இல்ல. அந்தக் கோட்ட மூடி, ஏடெல்லாம் இங்க அனுப்பின எண்டு சொன்னாங்க. எனக்குப் பாக்கலாமா?"

"ஏன் ஏலாது? திறந்த கோட்டில நடந்தத ஆரும் பாக்கலாம். எழுதித் தந்தா பிரதியும் எடுக்கலாம். அது சரி, நீங்க அவருக்கு ஆரு?"

"வெள்ளிக்கிழம எங்களுக்கு நிக்காஹ்."

பாண்டிருப்பிலிருந்து தினமும் வந்து இந்தப் பழைய தாள்களோடு மாரடிக்கும் றஞ்சிதமலர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தாள். "அம்மாடி! கலியாணத்துக்குச் சாதகம் பாக்கிற சனத்தக் கண்டிரிக்கன். வழக்கேடு பாக்க வந்த ஆள இண்டைக்குத்தான் காணுறன். இரிங்க தங்கச்சி." சிரித்துக்கொண்டே அலுமாரிகளுக்குள் போய் மறைந்தாள்.

ஸம்றா வாங்கில் உட்கார்ந்தாள். மின்விசிறி ஆடி ஆடிச் சுற்றியது. தாளும் தூசியும் உப்புக்காற்றும் கலந்த மணம் கண்ணைச் சொருகவைத்தது. அலுமாரிகளுக்கு இடையில் வெயில் கோடு கோடாக விழுந்திருந்தது. அதற்குள் தூசி மிதந்தது. குளத்தின் அடியில் உட்கார்ந்து தண்ணீருக்கு மேலே யாரோ கதைப்பதைக் கேட்பது மாதிரி இருந்தது அவளுக்கு. எல்லாக் குரலும் தூரத்தில் இருந்தது.

ஊர்ச்சனம் லேசுப்பட்டதா? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடலாமா? "நெருப்பில்லாமப் புகையுமா புள்ள" என்று ஒருத்தி சொன்னாள், பகிடி விட்டதாக நினைப்பு அவளுக்கு. சூடடிக்கக் குவித்திருந்த நெல் எரிந்தபோது காவலுக்குப் படுத்திருந்த சரீபின் முகமும் வெந்துபோனது. அந்த முகத்தைச் சந்தையில் ஸம்றாவும் கண்டிருக்கிறாள். காண நேர்ந்தால் பார்வையைத் தாழ்த்திக்கொள்வாள்.

காலிதீன் எதையும் மறைக்கவில்லை. பெண் பேசி வந்த முதல்நாளே, "என்ட பேரில ஒரு வழக்கு இரிந்த. மறுகா விடுதலையாகி வந்தன்" என்று சொல்லிவிட்டார். குற்றமில்லை என்று விட்டாலும் விடுதலைதான், மறியலில் தண்டனை முடித்து வந்தாலும் விடுதலைதான். எந்த விடுதலை என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் மனிதர் மனம் நோகும். கேட்காவிட்டால் இவளுக்கு நித்திரை வராது. அவளுடைய ஊரில் பெண் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து இருக்க வேண்டும். அந்த வீட்டில் புருசன் மௌத்தான பிறகு அவளும் அவளுடைய மகளும் மட்டும். மகள் படுக்கிற அறைக்கு வெறும் சீலைதான் கதவு. யாரை உள்ளே எடுக்கிறோம் என்று தெரியவேண்டாமா? அந்த மனிதரை அவளுக்குப் பிடித்திருந்தது, பொல்லாத விதமாய்ப் பிடித்திருந்தது. அதனால்தான் இந்தப் பயமெல்லாம்.

றஞ்சிதமலர் மஞ்சள் பூத்த ஏடொன்றைக் கொண்டுவந்து மேசையில் விரித்தாள். ஓரங்களைக் கறையான் தின்றிருந்தது. "எதிரி எண்டு போட்டிரிக்கும், பயப்படாதீங்க. கோட்டுப் பாசையில குத்தம் சாட்டப்பட்ட ஆள்தான் எதிரி" என்று சொல்லிவிட்டு விரலை ஓட்டி வாசித்தாள்.

"குற்றப்பத்திரம் எதிரிக்கு வாசித்து விளக்கப்படுகிறது. எதிரி சார்பில் சட்டத்தரணி எவரும் தோன்றவில்லை. குற்றவாளியா சுற்றவாளியா என வினவப்படுகிறது. தான் சுற்றவாளி இல்லை என எதிரி கூறுகிறார். குற்றத்தை ஏற்றுக்கொண்டதாகப் பதியப்படுகிறது." விரல் நின்றது. "சுற்றவாளி எண்டு எழுதினாலும் வாயில சுத்தவாளிதான், குத்தம் செய்யாதவர் எண்டு கருத்து. இவர் அப்படியில்ல எண்டு தன்ட வாயாலயே சொல்லியிரிக்கார், தங்கச்சி. அஞ்சு வருசம் குடுத்திரிக்காங்க."

முடிந்தது. கலியாணத்துக்குச் சொல்லியவர்களுக்கெல்லாம் இனி என்ன சொல்வது, மகளுக்குத் தைத்த புதுச் சட்டையை எங்கே ஒளிப்பது என்றெல்லாம் ஸம்றாவின் மனம் எங்கோ தூரத்தில் அலைந்தது. வெயில் கோட்டுக்குள் தூசி மட்டும் அவசரமில்லாமல் மிதந்துகொண்டிருந்தது.

"இதென்ன இது, தண்ணிக் கதையொண்டும் இரிக்கி" என்று முணுமுணுத்துக்கொண்டே றஞ்சிதமலர் அடுத்த வரியையும் வாசித்தாள். "மறியலில் பல நாட்களாகக் குளிக்கத் தண்ணீர் தரப்படவில்லை, தொழவும் முடியவில்லை என எதிரி மேலும் கூறுகிறார். தண்ணீர் வழங்குமாறு சிறை அத்தியட்சகருக்கு அறிவிக்கவும்."

"மிஸ், அந்த முதல் கேள்விய இன்னொருக்கா வாசிங்க."

"குத்தவாளியா, சுத்தவாளியா."

ஸம்றாவுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்தினாள், பொத்திய கைக்குள்ளே அது அழுகையாகிவிட்டது. "அல்லாஹ்வே! மிஸ், அந்த மனிசனுக்குக் கேள்வி விளங்கல்ல. சுத்தமா இரிக்கியா எண்டு கேட்டதா நினைச்சிரிக்கார். குளிப்பில்ல, தொழக் கை கால் கழுவுற ஒளுவில்ல, தொழ ஏலாத கோலம். கோட்டில பொய் சொல்லப்படாதே எண்டு, சுத்தமில்ல எண்டு சொல்லியிரிக்கார்!"

றஞ்சிதமலர் அந்த வரியைத் திரும்பவும் படித்தாள். அவளுடைய உதடுகள் மட்டும் அசைந்தன. "கர்த்தரே" என்றாள். "தண்ணிக்கு மட்டும் ஓடர் போட்டிரிக்காங்களே." பிறகு ஏட்டை மூடாமலே, மெதுவாகச் சொன்னாள்: "ஆனாத் தங்கச்சி, இத வெச்சு அவர் நெருப்பு வெக்கல்ல எண்டும் சொல்லேலாது. பிரதி எடுக்கயா?"

ஸம்றா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு விறாந்தைக்கு வந்தாள். வெளியே வெயில் கொதித்தது; சட்டத்தரணிகளின் கறுப்புக் கோட்டுகள் அதற்குள் அசைந்து அசைந்து போயின. ஃபோனை எடுத்தாள். மறுமுனையில் உழவு மெஷின் இரைந்துகொண்டிருந்தது. காலிதீன் வயல் வட்டைக்குள் நின்றார்.

"நான் கோட்டில நிக்கன். உங்கட ஏட்டப் பாத்தன்."

இரைச்சல் மட்டும் வந்தது.

"கோவிக்காதீங்க. ஒண்டு கேட்கன். அந்தச் சூட்டுக்கு நெருப்பு வெச்ச நீங்களா?"

"கேட்கல்ல. என்ன?"

விறாந்தையில் நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்க்கப் பார்க்க, அவள் உரக்கக் கேட்டாள். "நெருப்பு வெச்ச நீங்களா எண்டு கேட்கன்!"

"இவ்வளவு வருசத்தில இத இப்பதான் ஒராள் கேட்கிற" என்றார் காலிதீன். அவருடைய குரலில் கோபமும் இல்லை, பயமும் இல்லை. "கொஞ்சம் இரிங்க ஸம்றா. மெஷின நிப்பாட்டிட்டுக் கதைக்கன்."

இயந்திரம் இருமி இருமி ஓய்ந்தது. சேற்றுக்குள் ஒரு கால் இறங்குவதும், பிறகு மற்றக் கால் இறங்குவதும் கேட்டது. அதற்கப்பால் வட்டை முழுவதும் காற்று. ஸம்றா ஃபோனை இன்னும் இறுக்கிக் காதோடு வைத்துக்கொண்டாள்.