மாப்பிள்ளை போட்ட டிரைவர்

மாப்பிள்ளையை ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்று எவன் சட்டம் போட்டானோ, அவன் மட்டும் அன்றைக்குப் புவனாவின் கையில் கிடைத்திருந்தால் தொலைந்தான்.

அக்கா ரேணுகாவுக்குக் கல்யாணமாகி வந்த முதல் ஆடி. விருந்துக்கு அவளும் அவள் புருஷன் கோகுலகிருஷ்ணனும் கணியம்பாடியிலிருந்து மலையேறி வந்திருந்தார்கள். அவனுடையதும் மலைக்காரக் குடும்பம்தான். அவன் பிறப்பதற்கு முன்பே கீழே இறங்கி அங்கே குடியேறிவிட்டது. வேலூரில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்தான். அதனால் கரண்டில் ஓடுகிற சாமான் எதுவானாலும் தனக்குத் தெரியாதது இல்லை என்று அவனுக்கு ஒரு நினைப்பு. வந்த அன்றே மிக்சியைக் கழற்றி மாட்டினான். அதற்குப் பிறகு மிக்சி ஒரு தினுசாகக் கத்தியது. அம்மா மங்கம்மாளோ, "மாப்ள கை பட்டதும் இன்னா வேகமா சுத்துது பாரு" என்று பூரித்துப்போனாள். புவனா பல்லைக் கடித்துக்கொண்டாள். மிக்சிதானே, போகட்டும்.

கம்ப்யூட்டர் அப்படி இல்லை. அது அவள் பிழைப்பு.

சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு, வேலூரில் இருக்கும் ராஜவேலு என்ற என்ஜினீயருக்கு வீட்டிலிருந்தே வீட்டுப் பிளான் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தாள் புவனா. இதுவரை எல்லாம் சில்லறை வேலைகள். இப்போதுதான் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தை முழுசாக அவளை நம்பிக் கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் அனுப்பினால் அவளை நிரந்தரமாக வேலைக்கு எடுத்துக்கொள்வதாகவும், இல்லையென்றால் வேலூரிலேயே வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார். மலையை விட்டு இறங்காமல், எவன் தயவும் இல்லாமல், படித்த படிப்புக்கு ஒரு வேலை. இந்தப் பக்கத்தில் யாருக்குக் கிடைத்தது? சோறு தண்ணி மறந்து வரைந்து முடித்துவிட்டாள். ஞாயிறு காலை கடைசியாக ஒருமுறை சரிபார்ப்பது மட்டும்தான் பாக்கி.

அந்த நேரம் பார்த்துத்தான் கோகுலகிருஷ்ணன் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றான். திரையின் ஓரத்தில் ஒரு அறிவிப்பு இருந்தது. சிப்செட்டுக்கு ஒரு ஸ்டோரேஜ் டிரைவர், அதாவது ஹார்ட் டிஸ்கை ஓட்டுகிற மென்பொருள், வந்திருக்கிறது, ஆப்ஷனல் என்று.

"புது டிரைவர் வந்துகீது, போடாம வச்சிருக்கிற?"

"அது ஆப்ஷனல் மாமா. வோணும்னா போட்டுக்கலாம், வோணாம்னா வுட்டுடலாம். எனக்கு வோணாம்."

"அவனே சும்மா குடுக்குறான், வாங்கிக்க இன்னா வலிக்குது? போட்டா சும்மா பறக்கும்."

"இப்பவே நல்லாத்தான் ஓடுது. ஹார்ட் டிஸ்க் கிட்ட போற டிரைவரு அது. இன்னிக்கு அத நோண்டினா அவ்ளோதான். போ மாமா, போய் அக்காவோட சண்ட போடு."

அடுப்பங்கரையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மச்சினிச்சி மாமனைக் கேலி செய்வதைக் கேட்க வீட்டில் எல்லாருக்கும் அத்தனை ஆசை. கல்யாணமான நாளிலிருந்து அவனை 'நீ, வா, போ' என்று பேசுகிற உரிமை அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான். அவளும் சும்மா இருந்ததில்லை. அவன் மீசையையும் அவன் போடுகிற சென்ட்டையும் ஓட்டோ ஓட்டென்று ஓட்டியிருக்கிறாள். அவனும் சிரிப்பான். அதில் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் அன்றைக்கு அவள் கேலி செய்யவில்லை. அதுதான் யாருக்கும் புரியவில்லை.

"புவனா, மாப்ளைக்குக் குளிக்கத் தண்ணி எடுத்து வையிடி!" என்று மங்கம்மாள் கூப்பிட்டாள். புவனா வரைபடத்தைச் சேமித்துவிட்டு எழுந்து போனாள். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை திருடனா என்ன, பூட்டி வைத்துவிட்டுப் போக?

திரும்பி வந்தபோது அவள் நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான்.

"போட்டுட்டேன். ரீஸ்டார்ட் கேட்டுச்சு, குடுத்துட்டேன்," என்றான், பெரிய உபகாரம் செய்துவிட்டவன் மாதிரி.

திரை கறுத்தது. பிறகு நீலமானது. நீலத்தின் நடுவில் ஒரு சோக முகம். கம்ப்யூட்டர் தானே அணைந்து, தானே எழுந்து, மறுபடியும் அதே சோக முகத்தைக் காட்டியது. பென்டிரைவில் ஒரு நகல் இருப்பது ஞாபகம் வந்து புவனா மேசை இழுப்பறையைத் திறந்தாள். காணவில்லை.

"பென்டிரைவா? அது என் பைக்குள்ள கீது. நேத்து எல்லாத்தையும் அழிச்சிட்டுப் பாட்டு ஏத்தினேன். போறப்ப கார்ல கேக்கலாம்னு."

"யாரக் கேட்டு எடுத்த?"

"எங்க மச்சினிச்சியோடதுதானே!"

அக்கா சிரித்தாள். அம்மா சிரித்தாள். அவன் சாவகாசமாகப் பையிலிருந்து இன்னொரு பென்டிரைவை எடுத்துக் கம்ப்யூட்டரில் சொருகினான்.

"இதுக்கு ஏன் மூஞ்ச தூக்கி வச்சிக்கிற? கடையில தினமும் பாக்கறதுதான். ஃபார்மட் போட்டா புதுசாட்டம் ஆயிடும்."

"ஃபார்மட் போட்டா என் வேலை எல்லாம் போயிடும். வோணாம்."

"அட, போனா மறுபடி வரைஞ்சிக்க. அதான் வூட்லயே இருக்கிறியே."

"கைய வெச்ச, வெட்டிடுவேன் மாமா!"

நிஜமாகவே வெட்டுகிற கோபத்தில்தான் சொன்னாள். ஆனால் வீடே கொல்லென்று சிரித்தது. "பாத்துக்கங்க மாப்ள, மச்சினிச்சி கைய வெட்றாளாம்! அப்புறம் எங்க பொண்ணுதான் ஊட்டி வுடணும்," என்றாள் மங்கம்மாள். கோகுலகிருஷ்ணன் கையை நீட்டி, "வெட்டு, வெட்டு" என்றான். நீட்டாத கை கீபோர்டில் இருந்தது.

அவள் என்ன கத்தினாலும் இவர்களுக்கு அது கேலிதான். எத்தனை பெரிய வசவை எடுத்து வீசினாலும் அதற்கும் சேர்த்துச் சிரிப்பார்கள். கத்திக் கத்தித் தொண்டைதான் போகும். புவனாவுக்கு அது அந்த நொடியில் புரிந்தது. அவள் கத்துவதை நிறுத்தினாள்.

"எழுந்திரிங்க," என்றாள்.

அவன் சிரிப்பு அப்படியே நின்றது.

"கைய எடுங்க. அத கழட்டுங்க. கொஞ்சம் வெளிய போய் உக்காருங்க."

அடுப்பங்கரையில் கரண்டிச் சத்தமும் நின்றுபோனது. மங்கம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"இன்னாடி பேசற மாப்ளைய?"

"மரியாதையாத்தாம்மா பேசறேன்."

கோகுலகிருஷ்ணன் முகம் சுண்டிப்போய் எழுந்தான். பென்டிரைவைக் கழற்றிக்கொண்டு வெளியே போனான். ரேணுகா வெடித்தாள்.

"அவரு நல்லது நெனச்சுத்தானடி செஞ்சாரு!"

"நல்லது நெனச்சா கேட்டுட்டுச் செய்யணும். கேட்டாரு. நான் வோணாம்னேன். என் வார்த்தைக்கு இந்த வூட்ல அவ்ளோதான் மதிப்பா?"

புவனா உட்கார்ந்தாள். எரிச்சலில் அழுகையும் வந்தது, துடைத்துக்கொண்டாள். கம்ப்யூட்டரை இரண்டு மூன்று முறை பாதியிலேயே அணைத்து அணைத்துப் போட்டதும், பழுது பார்க்கும் மெனு வந்தது. டிரைவர் ஏறுவதற்கு முன்பிருந்த நிலைக்குத் திரும்பவா என்று கேட்டது. அவளைக் கேட்டுச் செய்தது அந்த மிஷின் ஒன்றுதான். ஆமாம் என்று அழுத்திவிட்டு, சாமியை வேண்டக்கூடத் தோன்றாமல், வாய்க்குள் அவனைத் திட்டிக்கொண்டே இருந்தாள்.

வெளியே இலை போட்டார்கள். நாட்டுக்கோழிக் குழம்பு ஆறியது. யாரும் யாரையும் சாப்பிடக் கூப்பிடவில்லை.

மத்தியானம் தாண்டிக் கம்ப்யூட்டர் எழுந்தது. பள்ளிக்கூடம் அதன் இடத்தில் அப்படியே இருந்தது, படிக்கட்டு, ஜன்னல், கழிப்பறை எல்லாமே. பாட்டு ஏற்றிய அந்தப் பென்டிரைவைக் கேட்டு வாங்கி, பாட்டையெல்லாம் அழித்து, படத்தை அதில் ஒரு நகல் எடுத்தாள். வீட்டில் எடுக்கும் சிக்னலில் இத்தனை பெரிய படம் போகாது என்பதால், போனிலும் ஏற்றிக்கொண்டு, நல்ல சிக்னல் கிடைக்கும் மலைப்பாதையின் மேல்வளைவு வரை நடந்துபோய் அனுப்பினாள். "பார்த்துட்டேம்மா, நல்லா இருக்கு. அடுத்த வேலையை நாளைக்கு அனுப்பறேன்," என்று ராஜவேலு கூப்பிட்டுச் சொன்னார்.

சந்தோஷம் வந்தது. கோபம்தான் போகவில்லை. கிளம்பும்போது கோகுலகிருஷ்ணன், "போய்ட்டு வர்றேன் மச்சினிச்சி" என்றான். "போய்ட்டு வாங்க" என்றாள். கூடவே காபியும் கொடுத்து, "சக்கரை போதுங்களா?" என்றும் கேட்டாள். தீபாவளிக்கு வந்தபோதும் அதே 'வாங்க', அதே 'சாப்புடுங்க'. மீசையைப் பற்றி ஒரு பேச்சில்லை. இத்தனை மரியாதையைத் தாங்க முடியாமல் அவன் ஒரே நாளில் கிளம்பிப் போனான்.

பொங்கலுக்கு முன்னால் ரேணுகா போன் செய்தாள்.

"அவருக்கு மனசே சரியில்லடி. ஒரு வாட்டி மாமான்னு கூப்புடேன். வாயி தேஞ்சா போயிடும்?"

புவனா திரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். ஓரத்தில் அதே அறிவிப்பு மறுபடியும் வந்திருந்தது.

"வோணும்னா கூப்புடலாம், வோணாம்னா வுட்டுடலாம். அது ஆப்ஷனல்க்கா," என்று சொல்லி அறிவிப்பை மூடினாள்.

ரேணுகாவுக்குக் கோபம் வந்து போனைப் புருஷன் கையில் திணித்துவிட்டாள் போலிருக்கிறது. அவன் குரல் வழக்கமான அதட்டல் இல்லாமல் வந்தது.

"மச்சினிச்சி... கம்ப்யூட்டரு எப்டி ஓடுது?"

"நல்லா ஓடுதுங்க," என்றாள் புவனா.