இரண்டு மைல் மேரிலாந்து

பொடோமாக் ஆற்றுப் பாலத்துக்கு முந்நூறு அடி முன்னால், மூடிக்கிடந்த பெட்ரோல் பங்கின் சரளைத் திடலில் டெல்மர் ரெக்ஸ்ரோட் காரை ஓரங்கட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டே முக்கால். சர்ச்சுக்கும் சாவுக்கும் மட்டும் போடுகிற சாம்பல் நிறக் கோட்டு, அதே காரியங்களுக்கான தொப்பி. இறங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு டிக்கியைத் திறந்தார். இடுப்பு உறையிலிருந்து துப்பாக்கியை உருவி, தோட்டா அடுக்கிய மேகசினைக் கழற்றி, உள்ளே மிச்சமிருந்த ஒற்றைத் தோட்டாவையும் எடுத்தார். வெறும் துவாரத்தை மூன்று முறை எட்டிப் பார்த்தார். பிறகு, அதன் வடிவத்துக்கே வெட்டிய கருப்பு நுரைப்பஞ்சில் அதைப் படுக்கவைத்து, இரும்புப் பெட்டியைப் பூட்டினார். தோட்டாக்கள் தனியாக ஒரு பழைய பிஸ்கட் டின்னில். சாவி சட்டைப்பையில். டிக்கியை மூடினார். மறுபடி திறந்து பூட்டை இழுத்துப் பார்த்து, மறுபடி மூடினார்.

உள்ளே உட்கார்ந்திருந்த அவர் மனைவி வில்லாடீன் கட்டத்தில் எழுத்து நிரப்புகிற புதிரிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"பிள்ளையத் தூங்க வெச்சாச்சா?"

"வெச்சாச்சு."

"போர்த்திவிட்டியா?"

டெல்மர் சீட் பெல்ட்டை மாட்டினார். சட்டத்தை மதிக்கிறவனுக்கு வீட்டில் மதிப்பு கிடையாது என்பது அவர் அனுபவம்.

அவர்கள் வீடு மேற்கு வர்ஜீனியாவில். அங்கே துப்பாக்கியைக் கோட்டுக்குள் மறைத்து வைத்துக்கொள்ள யாரும் யாரிடமும் சீட்டு வாங்க வேண்டியதில்லை. மகள் கெர்ரி இருப்பது பென்சில்வேனியாவில். அங்கே சீட்டு வேண்டும். டெல்மரின் மேற்கு வர்ஜீனியா லைசென்ஸை அவர்கள் மதிப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் மேரிலாந்து. அது யாருடைய சீட்டையும் மதிக்காது. பிடித்தால் விலங்கு போட்டுக் கூட்டிப்போகும். அந்த மேரிலாந்து அந்த இடத்தில் மட்டும் இரண்டே மைல் அகலம். எந்தக் காலத்திலோ கோடு போட்டவனுக்குக் கை வலித்திருக்க வேண்டும். அங்கே ஒரு கோழி திங்கட்கிழமை மேற்கு வர்ஜீனியாவிலும் செவ்வாய்க்கிழமை மேரிலாந்திலும் புதன்கிழமை பென்சில்வேனியாவிலும் முட்டையிட்டது என்றும், மூன்று அரசாங்கமும் கடிதம் போட்டதில் அது முட்டையிடுவதையே நிறுத்திவிட்டது என்றும் சொல்வார்கள். டெல்மர் அந்தக் கோழியைத் தெரியும் என்பார்.

ஆகவே பாலத்துக்கு முன்னால் நிறுத்திப் பூட்டுவது. இரண்டு மைல் போவது. பென்சில்வேனியா எல்லை தாண்டியதும் பட்டாசுக் கடைக்குப் பின்னால் நிறுத்தி, எடுத்து மாட்டிக்கொள்வது. திரும்பும்போது இதையே தலைகீழாக. பதினொரு வருஷமாக ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம், ஒரு ஆள் எட்டு மைல் தூரம் அவர் காரை விடாமல் துரத்தி வந்தான். சிவப்பு விளக்கில் நின்றபோது இறங்கி ஓடிவந்து ஜன்னலைத் தட்டினான். கையில் ஏதோ இருந்தது. டெல்மர் கண்ணை மூடிக்கொண்டார். அது டெல்மர் பெட்ரோல் பங்கில் மறந்துவிட்டு வந்த டேங்க் மூடி. அந்த ஆள் மூடியை மாட்டிவிட்டு, நல்ல வார்த்தை நாலு சொல்லிவிட்டுத்தான் போனான். இருந்தாலும், கண்ணை மூடிக்கொண்ட அந்தக் கணம் டெல்மரை விட்டுப் போகவில்லை. அப்போதெல்லாம் சொந்த ஊரிலும் சீட்டு வேண்டும்; அடுத்த வாரமே லைசென்ஸுக்கு மனு போட்டார். அதிலிருந்து இடுப்பில் அந்தக் கனம் இல்லாத நேரம் என்றால் குளியலும் மேரிலாந்தும்தான். குளியலை அவர் சீக்கிரம் முடித்துக்கொள்வார்.

பாலம் தாண்டி மேட்டில் ஏறியதுமே கார்கள் நின்றிருந்தன. முன்னால் சிவப்பு விளக்குகள் குன்றைச் சுற்றிக்கொண்டு கண்ணுக்கெட்டாத தூரம்வரை. பின்னாலும் வந்து அடைத்துக்கொண்டார்கள். ஆப்பிள் ஏற்றிய லாரி எல்லைக்கருகே கவிழ்ந்துவிட்டது என்று பக்கத்துக் கார்க்காரர் சொன்னார். பதினொரு மணிக்குப் பேத்தி ஆட்ரிக்கு ஞானஸ்நானம். தண்ணீர் தெளிக்கும்போது குழந்தையைத் தூக்கி நிற்க வேண்டியவர் டெல்மர். 'அப்பா, நீதான் தூக்கணும், வேற யாரும் இல்ல' என்று கெர்ரி போனில் சொல்லியிருந்தாள். ஆனால் ஒன்றை அவர் கவனித்திருந்தார். குழந்தையை அவரிடம் கொடுக்கும்போதெல்லாம் கெர்ரி சுற்றிக்கொண்டு வந்து இடது பக்கமாகவே கொடுப்பாள். வலது இடுப்பில் என்ன இருக்கிறது என்று அவள் ஒரு நாளும் வாயைத் திறந்து சொன்னதில்லை.

ஒன்பது மணி ஆயிற்று. ஒன்பதேகால். டெல்மர் ஜன்னலை இறக்கினார், ஏற்றினார். கண்ணாடியைத் துடைத்தார். முன்னால் நின்ற காரின் எண்ணைக் கூட்டிப் பார்த்தார், இருபத்திரண்டு வந்தது. மறுபடி கூட்டினார். வலது கை தொடையிலிருந்து இடுப்புக்குப் போய், காலி உறையைத் தொட்டுவிட்டு, சுட்டதுபோலத் திரும்பி வந்தது. கொஞ்சநேரத்தில் மறுபடி போயிற்று. கடைசியில் அதை ஸ்டியரிங்குக்கும் தொடைக்கும் நடுவில் செருகிவைத்தார்.

"உன் கைப்பையில பெப்பர்மின்ட் இருக்கும்ல, ஒண்ணு குடு."

"இல்ல."

"எப்பவும் இருக்குமே."

"இன்னிக்கு இல்ல. ரோட்டப் பாரு."

"ரோடு எங்க போவுது, பாக்கறதுக்கு?"

அவர் கையை நீட்டினார். வில்லாடீன் பையின்மேல் இரண்டு கையையும் வைத்து மூடினாள். அப்போதுதான் டெல்மருக்கு உறைத்தது. கிளம்பியதிலிருந்து அவள் அந்தப் பையைக் கீழே வைக்கவேயில்லை. புதிரைக்கூட அதன்மேல் வைத்துத்தான் போட்டாள்.

"வில்லா, உள்ள என்ன?"

அவள் பென்சிலைக் காதில் செருகினாள்.

"பெட்டிக்குள்ள நீ தூங்க வெச்சிருக்கியே, அதுக்கு ஒரு தங்கச்சி."

டெல்மர் முன்னால் நின்ற காரின் எண்ணை இன்னொரு தடவை கூட்டினார். இருபத்திரண்டு.

"தோட்டாவோடயா?"

"அஞ்சு. தோட்டா இல்லாம வெச்சுக்கிட்டு என்ன, ஆணி அடிக்கவா?"

"எப்போலேருந்து?"

"ரெண்டு வருஷமா. அக்கா வான்டா குடுத்தா. சுடவும் அவதான் கத்துக்குடுத்தா. பூசணிக்காய வெச்சு."

"லைசென்ஸ்?"

"நம்ம ஊர்ல எதுக்கு லைசென்ஸ்?"

"நாம இப்ப நம்ம ஊர்லயா இருக்கோம்?"

"ரெண்டு மைல் தான, மூச்சப் புடிச்சா போயிடும்னு இருந்தேன். போயிட்டுத்தான் இருந்துச்சு."

டெல்மர் மனசுக்குள் இரண்டு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை ஓட்டிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அவர் சரளையில் நின்று துவாரத்தை மூன்று முறை எட்டிப் பார்த்திருக்கிறார். மழையில் பார்த்திருக்கிறார். பனியில், கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றிவிட்டுப் பார்த்திருக்கிறார். பிறகு ஐந்து தோட்டா போட்ட துப்பாக்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டப்படி, மேரிலாந்தைக் கடந்திருக்கிறார்.

"நான் டிக்கிகிட்ட நின்னு இவ்ளோ செய்யறப்போ நீ என்னடி பண்ணிட்டிருந்த?"

"புதிர் போட்டேன்."

"எதுக்குடி உனக்கு இது? அதான் நான் இருக்கேனே."

வில்லாடீன் புதிரை மூடினாள். ஸ்டியரிங்குக்கும் தொடைக்கும் நடுவில் செருகியிருந்த அவர் கையைப் பார்த்தாள்.

"நீ என்னக் காக்கற. சரி. இந்த ரெண்டு மைல்ல உன்ன யாரு காக்கறது? உன் கை என்ன பாடு படுதுன்னு நீ பாத்ததில்ல டெல்மர். பக்கத்துல உக்காந்து பாக்கறவ நான். வீட்ல இது மாவு டப்பாவுக்குப் பின்னால கெடக்கும். மேரிலாந்துக்கு மட்டுந்தான் எடுத்துட்டு வருவேன்."

எங்கே கூடாதோ அங்கே மட்டும். டெல்மர் செருகியிருந்த கையை உருவினார். அது அவள் பக்கம் போய்ச்சேருவதற்குள் வில்லாடீன், "போலீசு" என்றாள்.

மேரிலாந்து போலீஸ்காரர் ஒருவர் சாலையோரமாகக் கார் காராக நின்று வந்துகொண்டிருந்தார். மகன் வயசுதான் இருக்கும். அவருக்கும் அவர்களுக்கும் நடுவில் இரண்டு கார். இறங்கி டிக்கியைத் திறந்தால் அவர் கண்முன்னால்தான் திறக்க வேண்டும். பையைத் தூக்கிப் புல்லில் எறிந்தால் அவர் காலடியில்தான் விழும். கையில் விலங்கோடு நிற்கும் வில்லாடீன் டெல்மரின் மனக்கண்ணில் வந்தாள். சர்ச் வாசலில் கெர்ரி கடிகாரத்தைப் பார்ப்பதும் வந்தது.

"பேசாத. நான் பேசிக்கறேன்."

"எனக்குப் பொய் வராது டெல்மர்."

"அதான் பேசாதங்கறேன்."

போலீஸ்காரர் வில்லாடீன் பக்கத்து ஜன்னலில் குனிந்தார். இடது கையில் ஒரு பெட்டி நிறைய ஆப்பிள்.

"வணக்கம்மா, வணக்கம்யா. இன்னும் ஒரு அரைமணி ஆகும். அடிபட்ட பழம் இனி சந்தைக்குப் போகாது, எல்லாருக்கும் குடுத்துடுங்கன்னு தோட்டக்காரரு சொல்லிட்டாரு. அந்தப் பையக் கொஞ்சம் தொறங்கம்மா, போடறேன்."

வில்லாடீனின் விரல்கள் பையின் கொக்கியில் நின்றன. அவள் நாற்பத்து நாலு வருஷமாகக் கடையில் கூடுதலாக ஒரு முட்டை வந்துவிட்டால் திரும்ப நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வருகிறவள். அவள் வாய் திறக்கப் போவது டெல்மருக்குத் தெரிந்தது.

"அதுல வேண்டாம் ஆபீசர். இதுல போடுங்க." தொப்பியைக் கழற்றி அவள் மடிக்குமேல் நீட்டினார்.

"நல்ல தொப்பியாச்சே அய்யா."

"தலையில இருக்கறதவிட பழத்துக்கு மதிப்பு ஜாஸ்தி. கேட்டுப் பாருங்க, இவளே சொல்லுவா."

போலீஸ்காரர் ஆப்பிளை ஒவ்வொன்றாகப் போட்டார். சாய்ந்து நீட்டியதில் டெல்மரின் கோட்டு விலகியிருந்தது. ஐந்தாவது ஆப்பிளோடு அவர் கை நின்றது.

"உறை காலியா இருக்கு."

"ஆமா ஆபீசர். சாமான் டிக்கியில, பெட்டிக்குள்ள, பூட்டி. தோட்டா தனியா, பிஸ்கட் டின்னுல. சாவி இங்க."

"பாலத்துக்கு முன்னாலயே?"

"பதினோரு வருஷமா."

"உங்க பக்கத்துலேருந்து வர்றவங்க பாதிப்பேரு மறந்துட்டேன்னுதான்யா சொல்றாங்க. மறந்ததுக்கெல்லாம் இங்க மன்னிப்பு இல்ல." ஐந்தாவதைத் தொப்பியில் போட்டார். "வண்டியில வேற ஏதாச்சும் இருக்கா?"

சீருடைக்காரரிடம் டெல்மர் ஆயுசில் பொய் சொன்னதில்லை. மீன் விஷயத்தில் எல்லாரிடமும் சொல்வார்; சீருடையிடம் அதுவும் இல்லை. வில்லாடீன் மூச்சை இழுத்தாள். அந்த மூச்சு வார்த்தையாவதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"இவ இருக்கா. கல்யாணமாகி நாப்பத்து நாலு வருஷம். எப்ப வெடிப்பான்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது. எந்த மாநிலத்துலயும் இவளுக்கு லைசென்ஸ் தரமாட்டேங்கறாங்க."

போலீஸ்காரர் வில்லாடீனைப் பார்த்தார். அவள் முகம் பழத்தைவிடச் சிவந்திருந்தது. அவர் பெட்டியே குலுங்கும்படி சிரித்தார்.

"எங்க வீட்லயும் ஒண்ணு இருக்குய்யா" என்று இன்னும் இரண்டு ஆப்பிளைப் போட்டுவிட்டு அடுத்த காருக்கு நகர்ந்தார்.

டெல்மர் தொப்பியை அவள் மடியில் வைத்தார். பிறகு வில்லாடீன் சொன்னாள்: "நீ சொன்னதுல ஒரு பொய்கூட இல்ல."

"அதான் எனக்கும் ஆச்சரியமா இருக்கு."

பத்தேகாலுக்கு வண்டிகள் நகர்ந்தன. கவிழ்ந்த இடத்தில் சாலை முழுக்க ஆப்பிள் கூழ். அதைத் தாண்டும்போது டயர்கள் சப்புக்கொட்டின. சரிவில் நாலைந்து மான்கள் தின்றுகொண்டிருந்தன. அதில் ஒன்று பழம் தின்ற போதையில் சாய்ந்து நின்றதாகவும், ஓரமாகப் போங்கடா என்பதுபோலத் தன்னைப் பார்த்ததாகவும் டெல்மர் பிற்பாடு சொன்னார்.

பென்சில்வேனியா. பட்டாசுக் கடைக்குப் பின்னால் நிறுத்தி டிக்கியைத் திறந்தார். வில்லாடீனும் பையோடு இறங்கி வந்தாள். இங்கே அவருடையது இடுப்புக்கு வரலாம்; அவளுடையது வரக்கூடாது. அவள் எடுத்துக் கொடுத்த குட்டி ரிவால்வரிலிருந்து ஐந்து தோட்டாவையும் உருவி டின்னில் போட்டார். பெட்டியைத் திறந்து, தன்னுடையதை எடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்தில் இதை வைத்துப் பார்த்தார். அப்பனின் செருப்பில் குழந்தைக் கால்போலக் கிடந்து ஆடியது.

வழக்கப்படி அடுத்தது மேகசினைச் செருகுவது. டெல்மர் தன்னுடையதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கனம் பழகிய கனம்தான். கை அமைதியாகத்தான் இருந்தது.

"மணி பத்து இருபத்தஞ்சு" என்றாள் வில்லாடீன்.

அவர் தன்னுடையதைப் பழைய பள்ளத்திலேயே வைத்தார். பாக்கெட் கத்தியை விரித்து, அதற்குப் பக்கத்தில் நுரைப்பஞ்சை வெட்டத் தொடங்கினார். குட்டியை வைத்து அளவு பார்த்து, கோணலும் மாணலுமாக. கருப்புத் துணுக்குகள் காற்றில் பறந்து கோட்டில் ஒட்டின. வில்லாடீன் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இரண்டும் அடுத்தடுத்துப் படுத்ததும் மூடிப் பூட்டினார். இழுத்துப் பார்த்தார்.

"மாட்டிக்கலையா?"

"நேரமாவுதுன்னு நீதான சொன்ன."

மீதி வழி முழுக்க வலது கை இடுப்புக்குப் போய்வந்தது. வில்லாடீன் ஒரு ஆப்பிளை அந்தக் கையில் வைத்தாள். அவர் கடிக்காமல் பிடித்துக்கொண்டே ஓட்டினார்.

சர்ச் வாசலில் மணி அடித்துக்கொண்டிருந்தது. கெர்ரி வெள்ளைச் சட்டை போட்ட குழந்தையோடு படியில் நின்றிருந்தாள். அப்பாவின் கோட்டில் கருப்புத் துணுக்கு, அம்மா கையில் தொப்பி நிறைய ஆப்பிள். எதையும் கேட்க நேரமில்லை. வழக்கம்போல இடது பக்கமாகச் சுற்றி வந்தாள். டெல்மர் கோட்டை விலக்கி வலது கையை நீட்டினார். கெர்ரி ஒரு கணம் நின்று அவர் இடுப்பைப் பார்த்தாள். பிறகு வலது பக்கத்திலேயே கொடுத்தாள்.

பாஸ்டர் பேசிக்கொண்டே போனார். டெல்மரின் இடது கைக்குச் செய்ய ஒன்றுமில்லை. இருப்புக்கொள்ளாமல் அது குறுக்கே நகர்ந்து, பழக்கத்தில் வலது இடுப்பைத் தேடிப் போயிற்று. உறையின் வாய் காலியாக இல்லை. உள்ளே, கம்பளிச் சாக்ஸ் போட்ட ஒரு சின்னக் குதிகால் உதைத்துக்கொண்டிருந்தது.