சொட்டு மருந்துக்குப் பிறகு நீட்டிய தாள்

பஸ்ஸை டெப்போ மதிலில் உரசிக் கண்ணாடியை உடைத்துவிட்டு வந்த மனுஷன், "மதிலு கொஞ்சம் முன்னாடி வந்துடுச்சு" என்றால் எந்தப் பெண்டாட்டி நம்புவாள்? அவள் நம்பவில்லை. பிஸ்கட் ஃபேக்டரியில் லீவு சொல்லிவிட்டு, புருஷனைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தாள்.

இதுவரை அவர் தனியாகத்தான் வந்துபோவார். இடது கண்ணுக்குள்ளே ரத்தக்குழாய் கசிகிறது, மாதம் ஒரு ஊசி போட்டால் பார்வை தங்கும், விட்டால் போகும் என்று டாக்டர் சொல்லி ஏழு மாதமாகிறது. அடுத்த வாரம் டெப்போவில் கண் பரிசோதனை வேறு. அதில் தேறாவிட்டால் ஸ்டீயரிங்கைத் தொட முடியாது. இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவருக்கு வேறு என்ன வேலை தெரியும்?

ஹாலில் நாற்காலிகளை வரிசையாகத் தரையோடு திருகி வைத்திருந்தார்கள். நர்ஸ் ஒரு முனையிலிருந்து எல்லார் கண்ணிலும் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே போனாள். கால் மணி நேரத்தில் கண்மணி விரிந்து, பக்கத்தில் இருப்பதெல்லாம் கலங்கிப்போகும். சரியாக அந்த நேரம் பார்த்து பில் கவுன்டர் பெண் அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு வந்தாள். ஒவ்வொருவர் விரலையும் பிடித்துக் கோட்டின் மேல் வைத்து, "இங்க ஒரு கையெழுத்து" என்றாள். டிரைவரும் பேனாவை வாங்கினார்.

"குடுங்க, படிச்சுட்டுப் போடலாம்" என்று டிரைவர் பெண்டாட்டி அட்டையைப் பிடுங்கினாள்.

"எல்லாரும் போடறதுதாம்மா."

"எல்லாருக்கும் மருந்தை ஊத்திட்டுத்தானே நீட்டறீங்க!"

பொடி எழுத்தில் இருந்தது: 'குறைந்த விலையுள்ள பயோசிமிலர் ஊசி பற்றி எனக்கு விளக்கப்பட்டது. அது வேண்டாம், அசல் மருந்தையே விரும்பித் தேர்ந்தெடுக்கிறேன்.' பக்கத்துக் கட்டத்தில் டிக் போட்டிருந்தது. பேனாவால் இல்லை. அச்சிலேயே!

"பயோசிமிலர்னா என்ன? விளக்கினாங்களாமே, யாரு விளக்கினது?"

"அதே வேலை செய்யற இன்னொரு கம்பெனி ஊசிம்மா. விலை மூணுல ஒரு பங்குதான்."

அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். விலையில் கால் பங்கு இவர்கள் கட்ட வேண்டும், மீதி இன்சூரன்ஸ் கட்டும். அந்தக் கால் பங்கே ஒவ்வொரு தடவையும் பதினைந்து நாள் சம்பளத்தை விழுங்கியது. விலை குறைந்த ஊசி என்றால் ஐந்து நாள் சம்பளத்தோடு போயிருக்கும்.

"இன்சூரன்ஸ்காரன் எதுக்கு விலை கூடின மருந்துக்குத் தலையாட்டறான்? அவன் வீட்டுக் காசு இல்லையா?"

அந்தப் பெண் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். "அசல் கம்பெனி அவங்களுக்கு அப்புறமா விலையில பாதிக்கு மேல திருப்பிக் குடுத்துடும்மா. கணக்குப் பாத்தா அவங்களுக்கு அதுதான் லாபம். எங்க ஆஸ்பத்திரிக்கும் விலைக்குத் தகுந்த சதவீதம் உண்டு."

"எங்களுக்கு என்ன திரும்ப வரும்?"

"உங்க பங்கு பில் விலையிலதாம்மா."

"நல்லா இருக்கு நியாயம்! ஆளாளுக்குப் பங்கு போட்டுக்குவீங்க, முழு விலைக்கும் நாங்க அழணுமா?"

அவள் ஃபைலைப் புரட்டினாள். ஊசி போடும் அன்று மருந்துப் பெட்டியின் ஸ்டிக்கரை உரித்து ஃபைலில் ஒட்டுவது அங்கே வழக்கம். ஏழு மாதத்துக்கு நாலே ஸ்டிக்கர்தான் இருந்தது. திரும்பப் புரட்டினாள். நாலுதான்.

"என்னங்க இது? மூணு எங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "பாதி சம்பளம் போவுதும்மா. பொண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் வேற. நடுவுல ஒண்ணு ரெண்டு விட்டா ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன்."

"அன்னைக்கெல்லாம் எங்க போய்த் தொலைஞ்சீங்க?"

"பார்க்ல உக்காந்துட்டு, கண்ணைக் கசக்கிச் செவக்க வெச்சுக்கிட்டு வந்தேன்."

"அடப்பாவி மனுஷா! போடாத ஊசிக்கா நான் பஞ்சை நனைச்சு நனைச்சு ஒத்தி விட்டேன்?" அவளுக்கு அவரை அறையவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. இரண்டுக்கும் அது இடமில்லை. விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். நாலு ஊசிக்குக் கொட்டிய பணத்தில் பன்னிரண்டு போட்டிருக்கலாம்!

பேனாவை எடுத்து அந்த வரியைக் குறுக்கே அடித்தாள். மேலே 'விலை குறைந்த ஊசிதான் வேண்டும்' என்று கொட்டை எழுத்தில் எழுதி அவரைக் கையெழுத்துப் போட வைத்தாள்.

"அப்படியெல்லாம் எழுத ஃபார்ம்ல இடமில்லம்மா."

"அதான் எழுதிட்டேனே. போய் ஃபோனைப் போடு."

கவுன்டர் பெண் போட்டாள். பத்து நிமிஷத்தில் இன்சூரன்ஸ் சம்மதம் வந்துவிட்டது. "கேட்டா குடுப்பாங்கம்மா, யாரும் கேக்கறதில்ல" என்று அந்தப் பெண் சிரித்தபோது, அட்டையாலேயே ஒன்று போடலாமா என்று இவளுக்குக் கை பரபரத்தது.

ஊசி போட்ட டாக்டர், இதுவும் அதே அளவுக்கு வேலை செய்யும் என்றார்.

"விட்டுப்போனதையும் சேத்துப் போட்டா பழையபடி வந்துடுமா டாக்டர்?"

"இருக்கற பார்வையைக் காப்பாத்தலாம்மா. போனது வராது. இந்தப் பார்வையை வெச்சுக்கிட்டு பஸ் ஓட்டறது நடக்காது."

டிரைவர், "இந்த மருந்து இருக்குன்னு மொதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டாக்டர்" என்றார்.

"சொல்லியிருக்காங்களே" என்று டாக்டர் ஃபைலைத் திருப்பிக் காட்டினார். "வேணாம்னு நாலு தடவை கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

அவர் குனிந்து பார்த்தார். மருந்து விட்ட கண்ணுக்கு இப்போதும் அதைப் படிக்க முடியவில்லை.

இரண்டு பேரும் வெளியே வந்தபோது, கவுன்டர் பெண் ஒரு பெரியவரின் விரலைப் பிடித்துத் தாளில் வைத்துக்கொண்டிருந்தாள். இவள் புருஷனைச் சுவரோரம் நிறுத்திவிட்டு நேராகப் போய்த் தாளின் மேல் கையை வைத்தாள்.

"போடாதீங்கய்யா. மொதல்ல நான் படிக்கறதைக் கேளுங்க."

"உங்க வேலை முடிஞ்சுதுல்லம்மா? கெளம்புங்களேன்" என்றாள் கவுன்டர் பெண்.

இவள் கிளம்பவில்லை. கடைசி நாற்காலி வரைக்கும் கேட்கிற மாதிரி, முதல் வரியிலிருந்து அச்சடித்த டிக் வரைக்கும் சத்தமாகப் படித்தாள். பெரியவர் முகத்தைத் திருப்பி, குரல் வந்த திசையில் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தனை ஊசி போட்டிருக்கீங்கய்யா?"

"பதினொண்ணு."

"விட்டது?"

"அஞ்சு" என்றார் அவர். "பணம் பொரளலம்மா."