கையுறைக்குள் பூசிய களிம்பு

என் கைகளைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை. எட்டு மணி நேரம் ரப்பர் கையுறைக்குள் வேர்வையில் ஊறி, விரலிடுக்கெல்லாம் வெளுத்து, வெடித்து, நீர் கசிந்துகொண்டிருந்தது. பிறவியிலேயே எனக்கு மென்மையான தோல். அதற்கு யாரைக் கோபித்துக்கொள்வது? ஆனாலும் கோபித்துக்கொண்டேன், கடவுளில் தொடங்கி கையுறை செய்தவன் வரைக்கும்.

கண் ஆபரேஷன் ஆனவர்களுக்கான சொட்டு மருந்தைப் புட்டியில் நிரப்பி மூடுவது எங்கள் வேலை. ஒரு கண்ணாடி அறை, பன்னிரண்டு பெண்கள். புண் உள்ள கை உள்ளே வரக் கூடாது. நான் ஏற்கெனவே இரண்டு முறை பிடிபட்டவள். மூன்றாவது முறை என்றால் வேலை போகும், கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸும் போகும். அங்கேதான் ஏணியிலிருந்து விழுந்து முதுகெலும்பு அடிபட்ட என் வீட்டுக்காரர் மூன்று மாதமாகப் படுத்திருக்கிறார். அவரை எந்தத் தெருவில் கொண்டுபோய்ப் படுக்க வைப்பேன்?

தோல் டாக்டர் சுலபமாகச் சொல்லிவிட்டார். "ரப்பருக்கு உள்ள மெல்லிசா ஒரு பருத்தி கையுறை போட்டுக்கோங்கம்மா. மணிக்கு ஒரு தடவை மாத்துங்க, அவ்ளோதான்." பருத்தி போட்டால் மருந்தில் நூல் விழும் என்று தடை. மாற்றுவதென்றால் வெளியே போய்த் தலை முதல் கால் வரை உடுப்பு மாற்ற வேண்டும். சாப்பாட்டு நேரம் தவிர அதற்கு அனுமதி கிடையாது. அவருக்கென்ன, சொல்லிவிட்டார்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. எண்ணெய் தடவிய கையில் தண்ணீர் ஒட்டாதே, வேர்வை மட்டும் ஒட்டுமா என்று நானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தேன். காலையில் மேற்பார்வைக்காரம்மா கைகளைச் சோதித்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் கறார். விரல்களைச் சேர்த்து நீட்டினேன். சேர்ந்திருந்தால் ஐந்தும் நல்ல பிள்ளைகள். அவள் அடுத்தவளிடம் திரும்பியதும், தலையுறைக்குள் ஒளித்திருந்த பிசுக்குக் களிம்பை அப்பிக்கொண்டு கையுறையை மாட்டினேன்.

இரண்டு மணி நேரம் சொர்க்கம். மூன்றாவது மணியில் கையுறை தொளதொளத்தது. எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் ரப்பர் இளகிவிடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டால் புண்ணைச் சொல்ல வேண்டுமே. குனிந்து பார்த்தேன். ஆள்காட்டி விரல் நுனி கிழிந்து, ஒரு துண்டைக் காணோம். எதிரே மூடாத புட்டிகள் இருநூறு. கையுறை கிழிந்தால் உடனே கையைத் தூக்கிக் காட்ட வேண்டும்.

பக்கத்தில் நின்ற என் நாத்தனார் பார்த்துவிட்டாள்.

"அண்ணி, கையத் தூக்காதீங்க. தூக்கினா கறார் எல்லாரையும் கையுறையக் கழட்டச் சொல்லுவா. எங்க அண்ணன நெனச்சுப் பாருங்க."

"துண்டு எங்க போச்சுன்னு தெரியலடி."

"தரையில விழுந்திருக்கும். மூடியப் போடுங்க."

மூன்று புட்டிகளை மூடினேன். நான்காவதை மூடக் கை வரவில்லை. யாரோ ஒருவர் கட்டுப் பிரித்த கண்ணோடு அண்ணாந்து படுத்திருப்பார். மருந்துதானே என்று நம்பி இமையை விரித்துக் கொடுப்பார். பாழாய்ப் போன மனசு கேட்கவில்லை. கையைத் தூக்கினேன்.

புட்டிகள் நகரும் லைன் நின்றது. துண்டு தொலைந்தால் எல்லோரும் கையுறையைக் கழற்றிக் காட்ட வேண்டும் என்பது விதி. கழற்றினார்கள். ஒருத்திக்கு விரல் விரலாகப் பிளாஸ்திரி. ஒருத்திக்கு வேர்வையில் பசையாகிப்போன பவுடர். ஒருத்திக்கு மணிக்கட்டைச் சுற்றித் தோலே இல்லை. பதினோரு ஜோடிக் கைகளில் ஒன்றுகூட உருப்படியாய் இல்லை. என்னைப் போலவே காலைச் சோதனையில் எப்படியோ தப்பியிருக்கிறார்கள். நாத்தனார் கை எல்லாவற்றையும்விட மோசம். தினமும் சாயங்காலம் கம்பெனி விடுதியிலிருந்து வந்து என்னோடு சேர்ந்து அண்ணனைத் தூக்கி உட்கார வைக்கிறவள். சட்டைக் கையை விரல் வரை இழுத்துவிட்டிருப்பாள். குளிருக்கு என்று நினைத்தேன், நான் ஒரு குருடி.

துண்டு ஒரு புட்டியின் கழுத்துக்குள் ஒட்டியிருந்தது. கறார் அதை இடுக்கியால் எடுத்துவிட்டு எங்கள் கைகளை வரிசையாகப் பார்த்தாள். பன்னிரண்டு பேரையும் வேலையை விட்டு அனுப்ப முடியாதே என்று எனக்கு ஒரு நப்பாசை.

"எல்லாரும் புதுக் கையுறை போட்டுக்கோங்க. நான் எதையும் பாக்கல," என்றாள். பிறகு என்னிடம் வந்தாள். "கையத் தூக்கினது நீ. ஒரு பேராவது நான் எழுதியாகணும்."

"அம்மா, எங்க வீட்டுக்காரர் எழுந்து நடக்கிற வரைக்குமாவது..." என்றேன். காலில் விழவும் தயாராக இருந்தேன். அவள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

வெளியே நின்று கண்ணாடி வழியே பார்த்தேன். நாத்தனார் என் பக்கம் திரும்பவே இல்லை. வேர்வையில் நனைந்த கையில் புதுக் கையுறை ஏறாமல், உதட்டைக் கடித்துக்கொண்டு விரல் விரலாக இழுத்துக்கொண்டிருந்தாள். இனி எங்கள் எல்லோருக்கும் சோறு போடப் போவது அந்தக் கைதான்.

"ஈரக் கையோட போடாதேடி! தொடச்சுட்டுப் போடு!" என்று கண்ணாடியைத் தட்டிக் கத்தினேன்.

லைன் ஓடத் தொடங்கிவிட்டது. அவளுக்குக் கேட்கவில்லை.