பரங்கிப் பூ விரிந்த காலை

அறுபத்தொன்பதாம் வருஷம், பொங்கலுக்கு நாலு நாள் முன்னால், லைன்மேன் சாமுவேல் கரண்டுக் கம்பத்தில் கால் வழுக்கி விழுந்தான். கெண்டைக்கால் எலும்பு முறிந்துவிட்டது. தொடை வரைக்கும் மாவுக்கட்டு போட்ட டாக்டர், மூன்று மாசத்துக்குக் கால் தரையில் படக் கூடாது என்றார்.

அவன் மனைவி மரியம்மாளுக்கு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் வேலை. காலையில் அவள் கிளம்பிப் போய்விட்டால், பிள்ளையார்பாளையத்து வீட்டில் அவனுக்குத் துணை பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம்தான். ஒரு வாரத்துக்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை.

"கொல்லையில சும்மா கிடக்கற மண்ணுல ஏதாச்சும் போட்டுக் குடு மரியம்மா. உக்காந்துக்கினே பார்த்துக்கறேன்."

அவள் மண்ணைக் கொத்தி, எருப் போட்டு, கீரையும் தக்காளியும் வெண்டையும் விதைத்தாள். மதிலோரம் நாலு பரங்கி விதை ஊன்றினாள். அவன் கட்டுப்போட்ட காலை நீட்டி, உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து களை பிடுங்கினான், சொம்பில் தண்ணீர் ஊற்றினான்.

கீரை ஒரு சாண் வளர்ந்தபோது பக்கத்து வீட்டுக் காந்தாவின் ஆடு வந்து மொட்டையடித்துவிட்டுப் போனது. தக்காளி இலை சுருண்டு சுருண்டு கடைசிவரை பூக்கவேயில்லை. வெண்டை மட்டும் இரண்டு குழம்புக்கு ஆயிற்று. பரங்கிக் கொடிதான் மதிலேறி, மாசிக் கடைசியில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. பூத்ததெல்லாம் உதிர்ந்தது.

"கண்ணு பட்டிருக்கும்ணே. பழைய செருப்பு ஒண்ண கட்டி வுடுங்க," என்றாள் காந்தா. ஆடு மேய்ந்த வருத்தம் அவளுக்கு இருந்தது. செருப்பைக் கட்டினான். அதற்குப் பிறகும் உதிர்ந்தது.

வேறு வேலை இல்லாததால் விடியும்போதே கொடிக்கு எதிரில் போய் உட்கார்ந்துவிடுவான். அப்படி உட்கார்ந்துதான் கவனித்தான். பூ சூரியனோடு விரிகிறது, பத்து மணிக்குள் கூம்பிவிடுகிறது. அதற்கு அந்த ஒரு காலைதான். பல பூக்களுக்கு வெறும் காம்பு. சிலவற்றுக்கு மட்டும் அடியில் கோலிகுண்டு அளவுக்கு ஒரு பிஞ்சு. ஒருநாள் ஒரு தேனீ காம்புப் பூவுக்குள் புரண்டு, மேலெல்லாம் மஞ்சள் தூளோடு வெளியே வந்து, பிஞ்சுப் பூவுக்குள் நுழைந்தது. அந்தப் பிஞ்சு மட்டும் உதிரவில்லை. ஐந்தாம் நாள் அதை அணில் கடித்துவிட்டது. ஆனால் சாமுவேலுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

அதற்கப்புறம் தேனீ வரவில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு, அவனே ஒரு காம்புப் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, நடுவில் இருந்த தூளை மூன்று பிஞ்சுப் பூக்களுக்குள் மெல்லத் தடவினான்.

இரண்டு உதிர்ந்தன. மூன்றாவது பிஞ்சு மறுநாள் எலுமிச்சை அளவு. நாலாம் நாள் மாதுளை அளவு. மரியம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் நம்பவில்லை.

"நீ பண்ணதா? தானா காய்ச்சிருக்கும்பா."

"அப்ப நீயே பண்ணிப் பாரு."

மறுநாள் காலை அவள் வேலைக்குக் கிளம்பிய புடவையோடு வந்து குந்தினாள். அவன் சொல்லச் சொல்லத் தடவினாள். விரல் நுனியில் ஒட்டிய தூளை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். "அவ்ளோதானா?" என்றாள். அவள் தடவிய பூவிலும் ஒரு பிஞ்சு நின்றது; அன்றிலிருந்து, அதைப் பார்க்காமல் அவள் வேலைக்குக் கிளம்பவில்லை. ஒரு வாரத்தில் அது அவள் கைக்குள் அடங்காமல் போயிற்று.

"வார்டுல தினமும் பார்க்கறேன்," என்றாள் ஒருநாள், காயின் மேல் கை வைத்துக்கொண்டு. "அங்க ஒண்ணும் தோணல. கத்தறாங்க, பெக்கறாங்க, துடைச்சிக் குடுக்கறோம். இங்க என்னமோ உடம்பு சிலிர்க்குது. ஆண்டவர் இத்தினி நாளா இப்படித்தான் சத்தமில்லாம பண்ணிக்கினு இருந்தாரா?"

அவனும் தினமும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

பங்குனிக் கடைசியில் கட்டுப் பிரித்தார்கள். கால் லேசாக இழுத்தது. சித்திரையில் இரண்டு காய்களையும் அறுத்தார்கள். அவளுடையதுதான் பெரிது, அதைத் தூக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. காந்தா வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் துண்டு போட்டுக் கொடுத்தபிறகும் மீந்தது.

அடுத்த வாரம் அவன் வேலைக்குத் திரும்பினான். முதல்நாள் காலையிலேயே கம்பத்தின் மேலிருந்து ஊரைப் பார்த்தான். கோபுரங்கள் அதனதன் இடத்தில் நின்றன. ஆனால் அவன் கண் வீட்டுக்கு வீடு பின்பக்கம்தான் போயிற்று. எத்தனையோ கொல்லைகளில், கூரைகளில், மதில்களில் மஞ்சள் பூக்கள் விரிந்திருந்தன. இத்தனை வருஷமாக இதே கம்பங்களில் ஏறியிருக்கிறான், ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. கீழே நின்ற மேஸ்திரி, "என்னப்பா, இன்னும் முடியலையா?" என்று இரண்டு தடவை கேட்ட பிறகுதான் ஸ்பேனரை எடுத்தான்.